அப்ரைட் பேஸ் என் மணிக்கட்டை வாங்கிய கதை

எலக்ட்ரிக் பேஸ் (கித்தார்போல் மாட்டிக்கொண்டு வாசிக்கும் அடிச்சுரக் கருவி) வாசித்த தைரியத்தில்தான், நிமிர்த்தி வைத்து வாசிக்கும் எலக்ட்ரிக் அப்ரைட் பேஸ் வாங்கினேன். அதே ஈ, ஏ, டி, ஜி கம்பிகள்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன். முதல் வாரமே இடது மணிக்கட்டு வலி. சுருதியோ கேட்கவே வேண்டாம்.

காரணம் நீளம். பழைய பேஸில் அதிரும் கம்பி 34 அங்குலம். இதில் கிட்டத்தட்ட 42. ஒரு ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே சுர இடங்களைப் பிரிக்கும் உலோகக் கோடு) ஒரு விரல் என்ற பழைய பேஸ் பழக்கத்தில் கையை விரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அப்புறம் சிமாண்டல் முறைக்கு, அதாவது அப்ரைட் பேஸுக்கான விரல் வைப்பு முறைக்கு, மாறினேன். நட்டுக்கு (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பக்கத்தில் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்கள் மட்டும்தான். மோதிர விரல் சுண்டு விரலுக்கு முட்டுக்கொடுக்கும். ஒரு பிடியில், ஒரு கம்பியில், அரைச்சுர இடைவெளியில் அடுத்தடுத்த மூன்று சுரங்கள். மற்றவற்றுக்குக் கையையே நகர்த்த வேண்டும். கட்டைவிரல் நடுவிரலுக்கு நேர் பின்னால். ஸ்டாண்டையும் உயர்த்தி, நட் புருவ மட்டத்துக்கு வரும்படி வைத்தேன். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது.

சுருதிக்கு உதவியது தம்பூரா ஆப். டி சுரத்தை ஆதார சுருதியாக வைத்துக்கொண்டு, மெதுவாக, தினமும் அரை மணி நேரம். கழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் அதைப் பார்த்தே வாசித்தால் காது சோம்பேறியாகிவிடுகிறது.

ஒலி மட்டும் தகரம்போல் இருந்தது. பியெசோ பிக்கப்பை (அதிர்வை மின்சைகையாக்கும் உணரி) நேராக மிக்ஸரில் செருகியதுதான் தப்பு. நடுவில் 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்மறுப்பு கொண்ட ப்ரீஆம்ப் (சைகையை மிக்ஸருக்கு ஏற்றபடி பெருக்கும் கருவி) வைத்ததும் அடிச்சுரம் திரும்பி வந்தது.