ஆவாரையை விதையிலிருந்து வளர்க்கும் முறை

முதலில் செடியை உறுதிசெய்துகொள்ளுங்கள். பேயாவாரையும் மஞ்சளாகவே பூப்பதால் பலர் அதன் விதையைச் சேகரித்துவிடுகிறார்கள். ஆவாரையில் இலைக்காம்பின் அடியில் சிறுநீரக வடிவிலான அகன்ற இலையடிச் செதில்கள் உதிராமல் நிற்கும். சிற்றிலைகளின் ஒவ்வோர் இணைக்கும் இடையில் ஒரு சிறு சுரப்பி இருக்கும். 1753இல் லின்னேயஸ் காசியா ஆரிகுலேட்டா என்று பெயரிட்ட இச்செடி, இப்போது சென்னா ஆரிகுலேட்டா எனப்படுகிறது. ஆகவே எந்தப் பெயரில் விதை கிடைத்தாலும் வாங்கலாம்.

தட்டையான காய்கள் செடியிலேயே பழுப்பேறிக் காய்ந்தபின் பறித்து, விதைகளை உதிர்த்தெடுங்கள்.

அடுத்த படிக்குத்தான் பொறுமை வேண்டும். விதையுறை நீரை உள்ளே விடாத அளவுக்குக் கடினமானது என்பதால், அப்படியே ஊன்றிய விதைகளில் பெரும்பாலானவை முளைக்காமல் மண்ணில் கிடக்கும். வறண்ட நிலத்தில் முதல் தூறலிலேயே எல்லா விதைகளும் முளைத்துக் கருகிவிடாமல் காப்பது இந்த உறைதான். கொதிக்கவைத்து இறக்கிய நீரை விதைகளின்மீது ஊற்றி ஆறவிடும் வழக்கம் உண்டு. ஆனால் சூடு மிகுந்தால் கரு வெந்துவிடும் என்பதால் நான் உப்புத்தாளையே விரும்புகிறேன். காயுடன் ஒட்டியிருந்த முனையைத் தொடாமல், அதற்கு எதிர்ப்புறத்தில் உள்நிறம் இலேசாகத் தெரியும்வரை தேய்த்து, இரவு முழுவதும் சாதாரண நீரில் ஊறவையுங்கள். காலையில் உப்பியிருப்பவை ஊன்றத் தயாரானவை. உப்பாதவற்றை மீண்டும் தேய்த்து ஊறவைக்க வேண்டும்.

ஆழமான நாற்றுப் பையில், மணல் கலந்த மண்ணில், விதையின் பருமனைப் போல் இரு மடங்கு ஆழத்தில் ஊன்றுங்கள். ஆணிவேர் விரைவாக இறங்கும் என்பதால் அகலத் தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேர் பையின் அடியைத் தொடுவதற்குள் வெயில் நன்கு விழும் இடத்தில் நட்டுவிடுங்கள். நீர் தேங்கக் கூடாது.

பின்னர் சேர்த்தவை: புழுக்கள் இலைகளைத் தின்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். வெளிர்நிறப் பட்டாம்பூச்சிகள் சில ஆவாரையில் முட்டையிடுவது இயல்பு. வளர்ந்த செடி மீண்டும் துளிர்த்துக்கொள்ளும். பூத்தும் காய்க்கவில்லை என்றவர்கள், பூச்சிக்கொல்லி தெளித்தார்களா என்பதைப் பார்க்க வேண்டும். இதன் மகரந்தப் பைகள் நுனித் துளை வழியாக மட்டுமே திறப்பதால், தச்சுத் தேனீ போன்றவை பூவைப் பற்றி அதிர்வித்தால்தான் மகரந்தம் வெளிவரும். அவை வராத மாடித் தோட்டத்தில் செடி நன்றாகப் பூத்தாலும் காய்கள் குறைவாகவே பிடிக்கும்.