மூடப்போகும் ஒன்லைன் கேமைக் காப்பாற்ற

மூடும் திகதி அறிவித்த அன்றே வயர்ஷார்க்கை (இணையத் தரவுப் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் மென்பொருள்) ஓடவிட்டு, லொகின் முதல் சண்டை வரை சேர்வருடன் நடக்கும் தரவுப் பரிமாற்றத்தைப் பதிவுசெய்யுங்கள். சேர்வர் நின்றபின் அது கிடைக்காது. அதில்லாமல் மாற்றுச் சேர்வர் எழுதுவது பெரும்பாடு. லொகின் பதிவைப் பொதுவில் போடாதீர்கள், கடவுச்சொல் அதில் இருக்கலாம். கேம் கோப்புகளையும் அப்படியே பிரதியெடுங்கள்.

மூடுவதற்கு எதிரான மனுவில் கையொப்பமிடுவது அதற்குப் பிறகுதான். அது ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி (ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் மட்டும் கையொப்பமிடக்கூடிய மனு) என்றால், இலங்கைக் குடியுரிமையோடு கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கையொப்பமிடாதீர்கள், சரிபார்ப்பில் கழிந்துவிடும். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த பாரிஸ் மச்சானிடம் சொல்லுங்கள். லண்டன் சித்தப்பா பாவம், பிரித்தானியா 2020 இல் ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டது.

கம்பனியிடம் "மூடாதீர்கள்" என்று கெஞ்சுவதைவிட, இலாபநோக்கற்ற ரசிகர் சேர்வருக்கு உரிமம் கேட்பது நல்லது. 2012 நவம்பரில் மூடிய சிட்டி ஒஃப் ஹீரோஸ் என்ற ஒன்லைன் கேமுக்கு, அதன் கம்பனியான என்சிசொஃப்ட் 2024 ஜனவரியில் அப்படியொரு உரிமம் கொடுத்தது. நன்கொடையைச் சேர்வர் வாடகைக்கு மட்டும் வாங்கி, மாதாமாதம் கணக்குக் காட்டுங்கள்.