கருவி வாங்கும் முன் ஆளைத் தேடுங்கள்: சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வுக்குழுவை அமைப்பது எப்படி

புதிதாக ஆய்வுக்குழு தொடங்கப்போகிறோம் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கருவியைப் பற்றித்தான். எந்த பம்ப் நல்லது, எந்த சென்சாரை நம்பலாம், ஃப்ரீசர் எத்தனை டிகிரிக்குப் போக வேண்டும். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "கதவைத் தட்டப்போவது யார்?" பெரும்பாலும் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. பிறகு, "அதுக்கு யாரையாவது எடுத்துக்கலாம்" என்பார்கள். அந்த "யாரையாவது" என்ற சொல்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். 19 வருடமாகக் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். காற்று, குடிநீர், குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் என்று மூன்று குழுக்களில் வேலை பார்த்திருக்கிறேன். தவறான ஆளால் கெட்ட சாம்பிள்களோடு ஒப்பிட்டால் கருவி பழுதாகிக் கெட்டவை கொஞ்சம்தான்.

அதனால் முதல் வேலை இது. ஒரு தாளை எடுத்து, ஒரே ஒரு சாம்பிள் போகும் வழியை முழுதாக எழுதுங்கள். வீட்டுக் கதவு, சம்மதம் வாங்குவது, ரத்தம் எடுப்பது அல்லது காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் வைப்பது, ஐஸ் பெட்டி, லேப், டேட்டா, கணக்கு, கடைசியில் முடிவோடு திரும்பவும் அதே கதவு. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெயர் எழுதுங்கள். பதவியை எழுதினால் போதாது, பெயர் வேண்டும். எங்கே எழுத முடியாமல் பேனா நிற்கிறதோ, அந்த இடத்துக்குத்தான் முதலில் ஆள் எடுக்க வேண்டும்.

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. 1854இல் லண்டனில் பிராட் தெருவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் இறப்புகளைக் குறித்து வரைந்த வரைபடம் பலருக்கும் தெரியும். அவருக்கு இறப்புப் பட்டியலைக் கொடுத்தவர் பதிவுத்துறையில் இருந்த வில்லியம் ஃபார். ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார் அந்தத் தெரு வீடுகளில் தினமும் ஏறி இறங்கியவர். அந்தத் தெரு பம்புத் தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று ஸ்னோ சொன்னதை அவர் முதலில் நம்பவே இல்லை. பொய் என்று காட்டத்தான் வீடு வீடாக விசாரித்தார். விசாரித்த வழியில்தான் 40ஆம் எண் வீட்டில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தை பற்றித் தெரிய வந்தது. அந்தக் குழந்தையின் துணியை அலசிய தண்ணீர், பம்புக் கிணற்றுக்கு மிக அருகில் இருந்த கழிவுக் குழிக்குள் போயிருந்தது. வைத்தியர் ஒருவர், கணக்கு வைத்திருந்தவர் ஒருவர், வீடுகளுக்குள் போக முடிந்தவர் ஒருவர். இன்றைக்கும் ஒரு குழுவுக்கு அடிப்படை இந்த மூன்று பேர்தான்.

வீடுகளுக்குள் போகிற ஆளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அவரைத்தான் எல்லோரும் கடைசியில் தேடுகிறார்கள்.

களப்பணியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சம்மதப் படிவத்தைக் கையில் கொடுத்து, அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்கு விளக்கச் சொல்லுங்கள். "வேண்டாம்னு சொல்லலாம், நடுவுல எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம், அதனால உங்களுக்கு எந்தக் குறையும் வராது" என்பதைக் கேட்காமலே சொல்கிறாரா என்று கவனியுங்கள். கையெழுத்து வாங்கும் அவசரத்தில் அந்த வரியை விழுங்குகிறவரை எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அடுத்ததாக, அவரைப் பயிற்சிக்காக ஒரு வீட்டுக்கு அழைத்துப்போய் வாருங்கள். திரும்பும் வழியில், "என்னெல்லாம் பார்த்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். படிவத்தில் இல்லாத இரண்டு விஷயமாவது சொல்கிறவர் உங்களுக்கு வேண்டிய ஆள்.

எங்கள் காற்று ஆய்வில் ஒரு அக்கா இருந்தார். நாங்கள் எல்லோருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவரும் ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுக்கும் சின்ன பம்ப் ஒன்றைச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். தூங்கும்போது தலைமாட்டில் வைக்க வேண்டும். கூடவே இருந்த சென்சார் நிமிடத்துக்கு ஒரு முறை காற்றிலுள்ள துகள் அளவைப் பதிவு செய்யும். வாராந்தரக் கூட்டத்தில் புள்ளியியல் பார்க்கும் தம்பி ஒரு வரைபடத்தைக் காட்டினார். பல வீடுகளில் இரவு பதினொரு மணிக்கு அளவு சட்டென்று கீழே இறங்கி, விடியும்வரை தரையோடு கிடந்தது. அழகான கோடு. இரவில் வீட்டுக்குள் காற்று இவ்வளவு சுத்தமா என்று பேச ஆரம்பித்துவிட்டோம். ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"தம்பி, அந்த மெஷின் ராத்திரி பூரா கொர்ருனு சத்தம் போடுது. குழந்தை முழிச்சுக்குதுன்னு போர்வைக்குள்ள சுத்தி வச்சிடறாங்க. நானே மூணு வீட்டுல பார்த்தேன். எழுதியும் வச்சிருக்கேனே!"

எழுதித்தான் வைத்திருந்தார். காகிதப் படிவத்தின் அடியில், குறிப்பு என்ற கட்டத்தில், தேதியோடு. கம்ப்யூட்டரில் ஏற்றும் படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை. நாங்கள் அளந்தது இரவின் காற்றை அல்ல, போர்வைக்குள் இருந்த காற்றை. அந்த வீடுகளின் இரவுப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு மறுபடியும் அளக்க வேண்டியதாயிற்று. பம்பைத் தனிப் பெட்டிக்குள் வைத்துச் சத்தத்தைக் குறைத்து, காற்று இழுக்கும் முனையை மட்டும் நீளக் குழாயில் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அன்றிலிருந்து நான் சேரும் எந்தக் குழுவிலும் இரண்டு விஷயத்தை விட்டுக்கொடுப்பதில்லை. குறிப்புக் கட்டம் எழுத்து மாறாமல் டேட்டாவுக்குள் போக வேண்டும். வாராந்தரக் கூட்டத்தில் களப்பணியாளருக்கு நாற்காலி வேண்டும், அதுவும் வரைபடம் தெரிகிற இடத்தில். இன்னொன்று, அவர் சம்பளம் மாதா மாதம் வர வேண்டும். சாம்பிளுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தால் எண்ணிக்கை வரும். போர்வை பற்றிய குறிப்பு வராது. ஒப்பந்தம் முடிந்து அவர் போகும்போது ஐந்நூறு வீடுகளின் நம்பிக்கையும் கூடவே போய்விடுகிறது. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

லேப் ஆளுக்கு வருவோம். கிளேர் பேட்டர்சன் என்ற வேதியியலாளர் 1956இல் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்று கணக்கிட்டுச் சொன்னவர். அதற்காகத் துளி ஈயத்தை அளக்கப் போனவருக்குப் பார்த்த இடமெல்லாம் ஈயம்: காற்றில், தூசியில், கண்ணாடிப் பாத்திரத்தில், ஆட்களின் தலைமுடியில். தூசியே நுழையாத லேப் ஒன்றைக் கட்டித்தான் அளந்தார். அப்படிப்பட்ட சந்தேகப் பிராணிதான் உங்களுக்கு வேண்டும். நேர்காணலில் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: "உங்க பிளாங்க் கடைசியா எப்போ கெட்டுப்போச்சு?" பிளாங்க் என்பது ஒன்றும் சேர்க்காமல், மற்ற சாம்பிள்களோடு அதே வழியில் களத்துக்குப் போய்த் திரும்பும் வெறும் குழாய் அல்லது ஃபில்டர். அதில் ஏதாவது தென்பட்டால், நாம் அளப்பதில் ஒரு பகுதி நம் கையிலிருந்தே வருகிறது என்று பொருள். கெட்டதே இல்லை என்பவர் ஒழுங்காகப் பார்த்ததில்லை. எங்கள் லேப் ஆள் ஒருமுறை பிளாங்க்கில் துத்தநாகம் ஏறியதைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் ஒவ்வொரு பொருளாகச் சோதித்து, குழாயின் ரப்பர் மூடியில் கொண்டுபோய் நிறுத்தினார். அதுவரை சாம்பிள் எதையும் ஓட்ட விடவில்லை. தலைமை ஆய்வாளர் அவசரப்படுத்தியும் அசையவில்லை.

ஃபில்டர் எடை போடுகிறவரும் இதே ரகமாக இருக்க வேண்டும். மைக்ரோகிராம் கணக்கில் எடை பார்ப்பது. வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய அறையில் ஃபில்டரை 24 மணி நேரம் வைத்திருந்து, நிலைமின்சாரத்தை நீக்கிய பிறகுதான் தராசில் வைக்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை தண்டனை.

டேட்டா பார்ப்பவரைப் பலர் தட்டச்சு செய்பவராக நினைக்கிறார்கள். காற்று மாசு பற்றிய அமெரிக்காவின் ஆறு நகர ஆய்வு 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள்வரை தொடர்ந்து, 1993இல் வெளியானது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தும், காற்று மிக மோசமான நகரத்தில் இறப்பு விகிதம் மிகச் சுத்தமான நகரத்தைவிட 26 சதவீதம் அதிகம் என்றது. எதிர்ப்பு கடுமையாக வந்தது. வெளியிலிருந்து ஒரு தனிக்குழு வந்து, மூலப் படிவங்களையே எடுத்துச் சரிபார்த்து, கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தது. 2000இல் வந்த அந்த மறு ஆய்வும் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் காகிதம் பத்திரமாக இருந்ததால் அந்த ஆய்வு நிலைத்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் மருத்துவர்களோடு காற்றை அளந்தவரும் புள்ளியியலாளரும் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். புள்ளியியலாளரைச் சாம்பிள் எல்லாம் சேர்ந்த பிறகு கூப்பிடாதீர்கள். எத்தனை வீடு, எந்த வீடு என்று முடிவு செய்யும் நாளிலேயே அவர் கூட இருக்க வேண்டும்.

பணம் தருகிறவரும் குழுவில் ஒரு ஆள்தான், பெயர்ப் பட்டியலில் வராவிட்டாலும். ஜப்பானின் மினமாட்டா நகரில், ஆலையின் பாதரசக் கழிவால் வந்தது என்று பின்னால் தெரிந்த நரம்பு நோயை, அந்தத் தொழிற்சாலை மருத்துவமனையின் மருத்துவர் ஹோசோகவா 1956இல் முதலில் தெரிவித்தார். 1959இல் ஆலைக் கழிவை உணவில் கலந்து கொடுத்த பூனைக்கு அதே நோய் வந்தது. அந்த முடிவு வெளியே வர நிறுவனம் விடவில்லை. அதனால், முடிவை வெளியிடும் உரிமை குழுவுக்கு மட்டுமே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் ஒரு ரூபாயும் தொடாதீர்கள்.

தலைமை ஆய்வாளர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கெட்ட செய்தியைக் கொண்டுவருகிறவரைக் கடிந்துகொள்ளாதவராக இருந்தால் போதும்.

மருத்துவர் மட்டும் மிச்சம். முதல் துளி ரத்தம் எடுக்கும் முன்பே, எந்த அளவைத் தாண்டினால், யார், எத்தனை நாளுக்குள் குடும்பத்துக்குச் சொல்வது என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குழந்தையின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தால் கவனிக்க வேண்டும் என்ற அளவை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று குறைத்தது. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. கட்டுரை வெளியாகும்வரை காத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து நின்று மறுத்துப் பேசுங்கள்; குழந்தை அதற்குள் வளர்ந்துவிடும்.

ஈய ஆய்வில் நாங்கள் முதலில் தயாரித்த முடிவுத் தாளில் ஒரு எண், ஒரு அட்டவணை, அதற்கு அடியில் விளக்கம். ஒரு தாய் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். என்னிடம் உடனே பதில் இல்லை. அன்று மாலையே தாளை மாற்றினோம். இப்போது முதல் வரி இப்படி இருக்கும்: "விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, நரம்பிலிருந்து எடுத்து ஒருமுறை உறுதி செய்ய வேண்டும், எங்கள் மருத்துவர் உங்களோடு பேசுவார்." இரண்டாவது வரி, அதுவரை தரையை ஈரத் துணியால் துடைப்பதும் சாப்பிடும் முன் குழந்தையின் கையைக் கழுவுவதும். எண் மூன்றாவது வரியில். தாளை அச்சுக்கு அனுப்பும் முன் களப்பணியாளர் ஒருவர் அதை உரக்கப் படிப்பார். அவர் நாக்கு தடுக்கும் இடத்தைத் திருத்திவிட்டுத்தான் அனுப்புவோம்.