ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற மனு எழுதும் முன்

"எங்கள் ஊர் ஏரியைக் காணோம்" என்று எழுதும் மனு பெரும்பாலும் கோப்போடு தூங்கிவிடும். புல எண் (சர்வே எண்) இல்லாத மனுவை வைத்துக்கொண்டு தாசில்தாரால் எதையும் அளக்கச் சொல்ல முடியாது. அதனால் முதல் வேலை கையெழுத்து வாங்குவது அல்ல. தமிழ்நாடு அரசின் இ-சேவை நிலப்பதிவு தளத்தில் ஏரியின் 'அ' பதிவேட்டையும் (புல எண் வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் சொல்லும் பதிவு) புலப்படத்தையும் (எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) எடுங்கள்; காசு கிடையாது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஏரிக்கு ஒரு புல எண் இருக்கும். ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓடும் வழி முழுக்க வேறு வேறு எண்கள், சில சமயம் பக்கத்து ஊர்க் கணக்கில். ஏரிக்குள் இருப்பதை மட்டும் அகற்றிவிட்டு, மேலே வரத்துக்காலை மூடிய மண்ணை அப்படியே விட்டால் அடுத்த மழைக்கும் ஏரி நிரம்பாது. கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீர் வரும் பாதையைக் கடைசி வரை நடந்து பார்த்து, ஒவ்வொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கலங்கலுக்கு (ஏரி நிரம்பினால் நீர் வழியும் இடம்) கீழே போகும் உபரிநீர் ஓடையையும் விடாதீர்கள். மழைக்காலத்தில் ஊருக்குள் தண்ணீர் புகுவது அது அடைபட்டால்தான்.

அடுத்து, ஏரி யாருடையது? ஆயக்கட்டு (ஏரியில் பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத் துறை; குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத் துறை ஏரிக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உண்டு. மற்றவற்றுக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்: 7-ஆம் பிரிவில் நோட்டீஸ், 6-ஆம் பிரிவில் அகற்றம். சட்டத்தை மாற்றி எழுதினால் மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும்.

கிராம சபைத் தீர்மானம் மனுவுக்குப் பலம். குறைவெண் (சபை செல்லுபடியாகக் குறைந்தபட்சம் வர வேண்டியவர் எண்ணிக்கை) பார்த்து ஆள் திரட்டுங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. தீர்மானத்தில் புல எண்கள் எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன எழுதுவார்கள் என்பது அவர்கள் விருப்பம். ஆக்கிரமித்தவர் பெயர் வேண்டாம். எண்ணும் பரப்பும் போதும். பெயர் எழுதினால் ஏரி விவகாரம் ஊர்ப் பகையாகிவிடும்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டிக் கேளுங்கள். "ஏன் அகற்றவில்லை?" என்றால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடலாம். "இந்தப் புல எண்களுக்குக் கடைசியாகச் செய்த அளவீட்டு அறிக்கையின் நகல், வழங்கிய நோட்டீஸ்களின் நகல்" என்று கேட்டால் நழுவ இடமில்லை. 30 நாளில் பதில் இல்லையேல் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கரையோரம் குடியிருக்கும் ஏழைகளின் வீடுகள் இருந்தால் மாற்று இடமும் அதே மனுவில் கேளுங்கள். அதைச் செய்யாத ஊர்களில் நோட்டீஸ் முதலில் அவர்களுக்குத்தான் போகிறது. வேலி போட்டு விவசாயம் செய்பவர் கடைசியில் நிற்கிறார்.

நேரமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தண்ணீருக்குள் சர்வேயர் சங்கிலி பிடிக்க முடியாது. ஜனவரி 26 கிராம சபையிலேயே தீர்மானத்தை முடித்தால் ஏப்ரல், மே மாதங்களில் ஏரி காய்ந்திருக்கும்போது அளக்க வைக்கலாம். அளந்த அன்றே எல்லைக் கல் நடச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கோடு ஒரு மழைக்குத் தாங்காது.