"எப்போ?"ன்னு கேக்காம காஸ்மாலஜி கணக்கு போடாதீங்க

பிஎஸ்சி பிசிக்ஸ்ல முதல் தடவையா காஸ்மாலஜி (பிரபஞ்சத்தோட அமைப்பும் வரலாறும் பத்தின பாடம்) எடுக்குற பசங்களுக்கு கொஞ்ச நாளா டவுட் கிளியர் பண்ணிட்டு வர்றேன், அவங்க நோட்ட பாத்தா ஒண்ணு தெளிவா தெரியுது, இன்டெக்ரேஷன்ல யாரும் பெருசா தப்பு பண்றதில்ல. தூரம்னு எழுதுறாங்க, எப்போ இருந்த தூரம்னு யோசிக்கிறதில்ல. டெம்பரேச்சர்னு எழுதுறாங்க, எந்தக் காலத்து டெம்பரேச்சர்னு கேக்குறதில்ல. மார்க் போறது அங்கதான்.

ஒரு கணக்கு பாக்கலாம். ரெட்ஷிஃப்ட் (வர்ற வழியில ஒளியோட அலைநீளம் எவ்ளோ நீண்டிருக்குங்கற அளவு) 2ல ஒரு கேலக்ஸி இருக்கு, எவ்ளோ தூரம்? பாதிப் பேர் ஒளியோட வேகத்த 2ஆல பெருக்கி அதுதான் கேலக்ஸியோட வேகம்னு வச்சுக்கிட்டு, ஹப்பிள் கான்ஸ்டன்ட் (பிரபஞ்சம் விரியுற வேகத்தோட அளவு, ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு செகண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்னு) 70ஆல வகுத்து 8,570 மெகாபார்செக்னு முடிச்சுடறாங்க, அதாவது 2,800 கோடி ஒளியாண்டு. ஆனா அந்த ஃபார்முலா ரெட்ஷிஃப்ட் 0.1க்குக் கீழ இருந்தாதான் ஓரளவுக்கு செல்லும். இன்னும் சில பேர், அய்யோ ஒளிய விட வேகமா போகுதேன்னு பயந்து ஸ்பெஷல் ரிலேட்டிவிட்டி டாப்ளர் ஃபார்முலாவ (எதுவும் ஒளிய விட வேகமா போகாதுன்னு வச்சு ரெட்ஷிஃப்ட்ட வேகமா மாத்துறது) போட்டு, ஒளிவேகத்துல 80 சதவீதம்னு கொண்டு வந்து நிறுத்துவாங்க. பாக்க நியாயமா தெரியும், அதுவும் தப்புதான். ரெட்ஷிஃப்ட் 2ன்னா அதுல 1 கூட்டுனா 3, அந்த ஒளி கிளம்புனப்போ பிரபஞ்சத்துல தொலைவுல இருக்குற கேலக்ஸிகளுக்கு நடுவுல உள்ள எல்லா தூரமும் இன்னைக்கு இருக்குறதுல மூணுல ஒரு பங்குதான் இருந்துச்சு. ரெட்ஷிஃப்ட் நேரடியா சொல்றது அவ்ளோதான். தூரம் வேணும்னா ஸ்கேல் ஃபேக்டர் (இன்னைக்கு இருக்குற தூரத்துல எவ்ளோ பங்குங்கற அந்த அளவு) காலத்தோட எப்படி மாறுச்சுன்னு வச்சு இன்டெக்ரேட் பண்ணியே ஆகணும்.

மேட்டர் 30 சதவீதம், டார்க் எனர்ஜி (விரிவ வேகப்படுத்துற, என்னன்னு இன்னும் தெரியாத சக்தி) 70 சதவீதம்னு வச்சு போட்டா, அந்த கேலக்ஸி இன்னைக்கு இருக்குற தூரம் சுமார் 1,700 கோடி ஒளியாண்டு, ஒளி கிளம்புனப்போ இருந்த தூரம் சுமார் 560 கோடி, ஒளி வழியில செலவழிச்ச காலம் 1,000 கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. அது எவ்ளோ மங்கலா தெரியுதுங்கறத வச்சு கணக்கு போட்டா லுமினோசிட்டி டிஸ்டன்ஸ் 5,100 கோடி கிட்ட வரும், எவ்ளோ சின்னதா தெரியுதுங்கறத வச்சு போட்டா ஆங்குலர் டயமீட்டர் டிஸ்டன்ஸ் மறுபடியும் அதே 560 கோடி. இதெல்லாம் ஒரே கேலக்ஸிக்குதான், எதுவும் தப்பில்ல, கேள்விதான் வேற வேற. சூப்பர்நோவா (வெடிக்குற நட்சத்திரம்) பிரகாசம் குடுத்திருக்குற கணக்குல ஆங்குலர் டயமீட்டர் டிஸ்டன்ஸ போட்டீங்கன்னா தூரம் 9 மடங்கு தப்பாயிடும், பிரகாசம் தூரத்தோட வர்க்கத்துல போறதால அது 81 மடங்கு தப்பாயிடும். இன்னைக்கு அந்த கேலக்ஸி விலகுற வேகம் ஒளிவேகத்த விட 1.2 மடங்கு, அதுக்கும் பயப்பட வேணாம், அது யாரையும் ஓவர்டேக் பண்ணல, நடுவுல இருக்குற வெளிதான் பெருகுது.

அடுத்து இந்த ஹப்பிள் கான்ஸ்டன்ட். பேர்லயே கான்ஸ்டன்ட்னு இருக்குறதால காலத்துக்கும் மாறாதுன்னு நினைச்சுடறாங்க. ஒரே நேரத்துல எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், ஆனா காலத்தோட மாறும், H₀ன்னு எழுதும்போது கீழ சின்னதா போடுற அந்த சைபருக்கு அர்த்தமே "இன்னைக்கு"ங்கறதுதான், அத விட்டுட்டு எழுதாதீங்க. யூனிட்டையும் ஒரு தடவ கையால மாத்திப் பாருங்க, ஒரு மெகாபார்செக்குல இருக்குற கிலோமீட்டர 70ஆல வகுத்தா செகண்ட் வரும், அத வருஷமாக்குனா சுமார் 1,400 கோடி. பிரபஞ்சத்தோட வயசு 1,380 கோடி, கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கவும் ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதிடறாங்க. அது அப்படி அமைஞ்சது, முதல்ல விரிவு மெதுவாகிட்டே வந்து அப்புறம் வேகம் எடுத்ததால ரெண்டும் ஏறக்குறைய சரிக்கட்டிக்கிச்சு. வெறும் மேட்டர் மட்டும் இருக்குற ஃப்ளாட் பிரபஞ்சம்னா மூணுல ரெண்டு பங்கு, 930 கோடிதான் வரும், ஆனா நம்ம கேலக்ஸியிலயே 1,200 கோடி வருஷத்துக்கு மேல வயசான நட்சத்திரக் கூட்டங்கள் இருக்கு. எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஏன்னா 1929ல ஹப்பிள் போட்ட மதிப்பு 500 கிட்ட, அத வச்சு பாத்தா பிரபஞ்சத்துக்கு வயசு 200 கோடிதான், பூமிக்கே 450 கோடி! செஃபீட் நட்சத்திரத்துல (பிரகாசம் கூடிக் குறையுறத வச்சு தூரம் அளக்க உதவுறது) ரெண்டு வகை இருக்குன்னு வானியலாளர் வால்டர் பாடே 1952ல சொன்ன பிறகுதான் தூரமெல்லாம் இரட்டிப்பாச்சு, வயசும் கூடுச்சு. வயசு கணக்குல ஒரு நம்பர் வந்தா பூமியோட, நட்சத்திரத்தோட வயசோட ஒப்பிட்டுப் பாக்குற பழக்கம் வச்சுக்கோங்க.

பிக் பேங்ன்னா நடுவுல ஒரு குண்டு வெடிச்சு எல்லாம் வெளிய சிதறுச்சுங்கற படம் எல்லார் மனசுலயும் இருக்கு. தையல் கடையில கிடைக்குற எலாஸ்டிக்க ஒரு முழம் வாங்கி இஞ்சுக்கு ஒரு புள்ளி பேனாவால வச்சு இழுத்துப் பாருங்க, எந்தப் புள்ளியில நின்னு பாத்தாலும் பக்கத்துப் புள்ளி கொஞ்சம் விலகும், ரெண்டு தள்ளி இருக்குறது ரெண்டு மடங்கு விலகும், நடுன்னு ஒண்ணு தேவையே இல்ல. ஆனா புள்ளியோட மையும் சேந்து இழுபடும், நிஜத்துல அது நடக்காது, ஈர்ப்பு விசை கட்டி வச்சிருக்குற கேலக்ஸியோ சூரியக் குடும்பமோ, மின்காந்த விசை கட்டி வச்சிருக்குற நீங்களோ விரியறதில்ல. பக்கத்து கேலக்ஸி ஆண்ட்ரோமிடா நம்ம பக்கம்தான் வந்துட்டிருக்கு.

சிஎம்பிய (பிரபஞ்சம் முழுக்க எல்லாத் திசையிலயிருந்தும் வர்ற பழைய மைக்ரோவேவ் ஒளி) "பிக் பேங் நேரத்து ஒளி"ன்னு எழுதாதீங்க, அது 3,80,000 வருஷம் கழிச்சு கிளம்புனது. அப்போ சுமார் 3,000 கெல்வின், இன்னைக்கு 2.725. ஹைட்ரஜன அயனியாக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட், அத டெம்பரேச்சரா மாத்துனா ஒன்றரை லட்சம் கெல்வின் வருதே, 3,000 எப்படின்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, ரொம்ப நல்ல கேள்வி. ஒரு புரோட்டானுக்கு 160 கோடி ஃபோட்டான் (ஒளித் துகள்) மாதிரி இருக்கு, சராசரி ஃபோட்டானுக்கு சக்தி பத்தாட்டியும் அந்தக் கூட்டத்துல வலுவானது எப்பவும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது வந்து அணுவ உடைச்சுட்டே இருக்கும், அதனாலதான் அவ்ளோ தூரம் ஆற வேண்டியிருக்கு.

அதே மாதிரி 68, 27, 5 சதவீதம்ங்கற டார்க் எனர்ஜி, டார்க் மேட்டர் (ஒளி விடாம ஈர்ப்பால மட்டும் தெரியுற மேட்டர்), சாதாரண மேட்டர் கணக்கும் இன்னைக்கு உள்ளது. சிஎம்பி கிளம்புனப்போ டார்க் எனர்ஜி இருந்த இடமே தெரியாது, டார்க் மேட்டர் 63, ஃபோட்டான் 15, அணுக்கள் 12, நியூட்ரினோ 10. மேட்டர் அடர்த்தி ஸ்கேல் ஃபேக்டரோட மூணாவது அடுக்குல குறையும், ஒளிக்கு நாலாவது அடுக்கு, ஏன்னா எண்ணிக்கை குறையறதோட ஒவ்வொரு ஃபோட்டானோட சக்தியும் ரெட்ஷிஃப்ட்ல குறையுது. அந்த ஒரு அடுக்க மறக்குறவங்க நிறைய.

கடைசியா ஸ்மால் எச், அதாவது ஹப்பிள் கான்ஸ்டன்ட 100ஆல வகுத்தா வர்ற நம்பர். டேபிள்ல தூரம் 100 மெகாபார்செக் பை எச்னு இருந்தா, எச் 0.7ன்னா பதில் 143, பெருக்கி 70ன்னு போடாதீங்க. எப்பப் பெருக்கணும் எப்ப வகுக்கணும்னு குழம்புனா, ஹப்பிள் கான்ஸ்டன்ட் குறைஞ்சா தூரம் கூடும்னு ஞாபகம் வச்சுக்கோங்க, அது போதும். சிஎம்பிய வச்சு 67.4, செஃபீடும் சூப்பர்நோவாவும் வச்சு 73ன்னு ரெண்டு மதிப்பு இன்னும் ஒத்துப்போகாமதான் இருக்கு, அதனால எத எடுத்தீங்கன்னு முதல் வரியிலயே எழுதிடுங்க, பாதியில மாத்தாதீங்க.