இமை அரிப்பு: எங்கள் வீட்டில் நடந்த தவறுகள்

வடசென்னை தண்டையார்பேட்டையில் யாருக்குக் கண் அரித்தாலும் காரணம் கேட்கவே வேண்டாம். கன்டெய்னர் லாரித் தூசி, இல்லையென்றால் மணலிப் புகை. என் அம்மாவும் ஒரு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் இமையோரத்தைப் பரபரவென்று தேய்ப்பார், நந்தியாவட்டைப் பூவை ஒற்றிக்கொள்வார், அப்புறம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இமை முடி கொட்ட ஆரம்பித்து, மூன்றாவது முறை கண்கட்டி வந்த பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம்.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவி முன்னால் உட்காரவைத்து, "கீழே பாருங்கம்மா" என்றார் டாக்டர். நேராகப் பார்க்கும்போது மறைந்திருந்தது, இமை தாழ்ந்ததும் தெரிந்துவிட்டது. பக்கத்துத் திரையில் நானும் பார்த்தேன். விளக்குக் கம்பத்தின் அடியில் சிமென்ட் பூசியது போல, ஒவ்வொரு முடியின் அடியிலும் மெழுகு நிறத்தில் ஒரு வளையம். பீளை என்று நாங்கள் துடைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். டெமோடெக்ஸ் என்ற உண்ணியின் கழிவும் முட்டையும் செத்த தோலும் சேர்ந்த படிவு அது. உண்ணி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு வகை முடியின் வேர்க்காலில் வாழும், இன்னொரு வகை இமையின் எண்ணெய்ச் சுரப்பிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"பேனா டாக்டர்?" என்று கேட்டு அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. பேன் இல்லை, அழுக்காக இருப்பதால் வருவதும் இல்லை. வயதானவர்களில் பெரும்பாலோர் தோலில் இந்த உண்ணி இருக்கத்தான் செய்யும். அளவுக்கு மீறிப் பெருகினால்தான் தொல்லை. வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருப்பதும் ஒரு தவறுதான். ஒன்றுகூட இல்லாமல் ஒழித்துவிட வேண்டும் என்று இமையைப் போட்டுத் தேய்ப்பதும் தவறு.

நாங்கள் செய்ததிலேயே பெரிய தவறு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. போட்ட இரண்டு நாளில் சிவப்பு அடங்கியது, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்குமே தவிர உண்ணியைக் கொல்லாது. அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் குறைப்பதால், உண்ணி இன்னும் பெருக வழிவிடும். நிறுத்தியதும் அரிப்பு திரும்ப வரும், மறுபடியும் அதே பாட்டிலை வாங்குவோம். மாதக்கணக்கில் இப்படிப் போட்டால் கண் அழுத்தம் கூடலாம், புரை விழலாம். அழுத்தம் கூடுவது பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் எனக்குப் பயம். டாக்டரே சில நேரம் ஸ்டீராய்டு எழுதித் தருவார், ஆனால் நாள் கணக்கு சொல்லி, அழுத்தம் பார்த்துத் தருவார். ஆன்டிபயாடிக் களிம்பை மட்டும் நம்புவதும் வீண். அது பாக்டீரியாவுக்கு, உண்ணிக்கு இல்லை.

அடுத்தது டீ ட்ரீ ஆயில். இது ஆஸ்திரேலியாவில் வளரும் வேறொரு மரம், நாம் குடிக்கும் டீக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டீத்தூளை இமையில் வைத்துக் கட்டுபவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். அந்த எண்ணெயில் இருக்கும் டெர்பினன்-4-ஆல் உண்ணியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் பாட்டிலில் வருவதை அப்படியே தடவினால் கருவிழியே வெந்துபோகும். வீட்டில் தேங்காய் எண்ணெயில் கலந்து பார்க்கவும் வேண்டாம், அளவு பிடிபடாது. இமைக்கென்றே தயாரித்த துடைப்பான்களும் நுரையும் இருக்கின்றன, அவற்றில் எது என்று டாக்டர் சொல்லட்டும். லோட்டிலேனர் என்ற சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2023 ஜூலையில் அனுமதி கிடைத்தது. தினம் இரண்டு வேளை, 6 வாரம். அங்கிருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி வரவழைப்பதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

துடைப்பதிலும் தவறு நடக்கிறது. அம்மா கன்னத்திலிருந்து நெற்றி வரை முகம் துடைப்பது போலத் துடைப்பார். முதலில் வெதுவெதுப்பான துணியை மூடிய கண்மேல் 5 நிமிடம் வைத்து இளகவிட வேண்டும். பிறகு முடி முளைக்கும் கோட்டோடு மட்டும் மெதுவாகத் துடைக்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் முடிதான் பிய்ந்து வரும்.

டாக்டர் சொன்னபடி துடைக்க ஆரம்பித்த பத்தாம் நாள் அரிப்பு நின்றது, அம்மாவும் துடைப்பதை நிறுத்திவிட்டார். ஒரே மாதத்தில் பழைய கதை. முட்டை பொரித்து வளர்ந்து சாக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், ஒரு சுற்று முடியும் முன்பே நிறுத்தினால் மிச்சம் இருப்பது திரும்பப் பெருகிவிடும். அரிப்பு நின்றாலும் டாக்டர் சொன்ன வாரக் கணக்கை முடியுங்கள். தலையணை உறையை வெந்நீரில் துவையுங்கள். பழைய மை டப்பாவைத் தூக்கிப்போடுங்கள். அக்காவும் தங்கையும் ஒரே டப்பாவில் மை இடுவது வேண்டவே வேண்டாம்.

பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பட்டால் கண் கூசி வலித்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர், அங்கே 1819-லிருந்து நடக்கும் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. காலையில்தான் அதிகம் அரிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். இதுவரை போட்ட சொட்டு மருந்து பாட்டில்களை, காலியாக இருந்தாலும், கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.