போட்டோ பிரிண்டருக்கு ஒரிஜினல் மையா, கம்பாட்டிபிள் மையா?

போட்டோ பிரிண்டருக்கு மை வாங்கும்போது விலையைவிட முதலில் பார்க்க வேண்டியது, பிரிண்டரின் ஹெட் (மையைப் பேப்பரில் தெளிக்கும் பாகம்) எங்கே இருக்கிறது என்பதையே. எச்பியின் பல வீட்டு உபயோக மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருகிறது. கம்பாட்டிபிள், அதாவது வேறு நிறுவனம் தயாரித்த கார்ட்ரிட்ஜ் சரிப்படாவிட்டால் வேறொன்றைப் போட்டதும் ஹெட்டும் மாறிவிடும். எப்சனில், மின்சாரம் பட்டதும் வடிவம் மாறி மையைத் தள்ளும் பீசோ வகை ஹெட் இயந்திரத்திலேயே நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. எல்8050 போன்ற ஆறு நிற டேங்க் மாடலில் தரமற்ற மை உறைந்து, ஹெட்டின் நுண்துளையான நாசில் அடைத்துக்கொண்டு, ஹெட் கிளீனிங் கொடுத்தும் திறக்காமல் போனால், மையில் மிச்சம் பிடித்த பணம் ஹெட் மாற்றுவதற்கே போதாது. முதல் வகையில் துணிந்து சோதித்துப் பார்க்கலாம். இரண்டாம் வகையில் அந்தத் துணிச்சல் வேண்டாம் என்பதே என் கருத்து.

மையிலும், நிறம் திரவத்தில் கரைந்திருக்கும் டை, நுண்துகள்களாக மிதக்கும் பிக்மென்ட் என இரண்டு வகைகள் உண்டு. கேனானில் புரோ-200 டை மைக்கும், புரோ-300 பிக்மென்ட் மைக்கும் உரியவை. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றாலும் ஒன்றுக்குரியதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது.

அதிகக் கவனம் கேட்பது நிறம்தான். பிரிண்டர் டிரைவரில் நாம் தேர்ந்தெடுக்கும் பேப்பர் வகையும், பேப்பர் நிறுவனங்கள் தரும் ஐசிசி புரொஃபைலும் (நிறத்தைச் சரியாக அச்சிட வழிகாட்டும் கோப்பு) ஒரிஜினல் மையை அளந்து உருவாக்கப்பட்டவை. மை மாறினால் அந்தக் கணக்கு பொருந்தாமல் போய், முகங்கள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ சாய்கின்றன. இதைக் கண்டறியச் சிறந்த சோதனை கருப்பு வெள்ளைப் படம்தான்: வண்ண மைகள் கலந்து உருவாகும் சாம்பலில் பச்சையோ ஊதாவோ சற்றுத் தூக்கினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அச்சை டியூப்லைட்டின் கீழும் ஜன்னல் வெளிச்சத்திலும் பாருங்கள். இரண்டிலும் சாயல் வேறுபட்டால் அந்த மையில் ஆல்பம் அச்சிட வேண்டாம். நிறத்தை அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வைத்திருப்பவரிடம் அந்த மைக்கும் அந்தப் பேப்பருக்கும் தனிப் புரொஃபைல் எடுத்துக்கொண்டால் குறை பெருமளவு சரியாகும். ஆனால் அடுத்த முறை மையின் பிராண்டை மாற்றினால் மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும்.

படம் எவ்வளவு காலம் நிற்கும் என்பது அடுத்த கேள்வி. நிறுவனங்கள் சொல்லும் ஆண்டுக் கணக்கு, தங்கள் மையையும் தாங்கள் குறிப்பிடும் பேப்பரையும் சேர்த்துச் சோதித்துப் பெற்றது. வேறு மைக்கு அது செல்லாது. வெளிச்சம் மட்டுமன்றி காற்றிலுள்ள ஓசோனும், உடனே உலரும் நுண்துளைப் பேப்பரில் உள்ள டை மையை வெளிறச் செய்யும். இதை வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரே படத்தை இரண்டு மையிலும் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் பாதியைக் கருப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில வாரங்கள் வையுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வேறுபாடு விளம்பரத்தைவிட நம்பகமான சான்று. திருமண ஆல்பத்துக்கும் சுவரில் மாட்டும் படத்துக்கும் ஒரிஜினல் மையே தகும். பள்ளி புராஜெக்ட் படத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

கம்பாட்டிபிள் என்று முடிவு செய்தால் ஒரே பிராண்டில் எல்லா நிறங்களையும் வாங்கி, மாற்றியவுடன் நாசில் செக் (அடைப்பு இருக்கிறதா என்று காட்டும் சோதனை அச்சு) எடுத்து, அதன்பின் வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுங்கள். வாரன்டி காலத்தில் இருந்தால் அதன் நிபந்தனைகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள். சில எச்பி மாடல்களில், பிரிண்டருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டுக்குப் பிறகு எச்பி அல்லாத சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படாமல் போகலாம். ஒரிஜினல் என்ற பெயரிலேயே போலியும் விற்கிறார்கள். வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைத்தால் பில்லுடன் தரச் சொல்லிக் கேளுங்கள், கடைக்காரர் தயங்கினால் வாங்காதீர்கள்.